அடுக்களை ஜன்னலில் ஆறு தொட்டிகள்

இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருப்பவரிடம் போய், அடுக்களை ஜன்னலில் கொத்தமல்லி வளர்க்கலாமே என்று சொன்னால் சிரிப்பார். நிலம் இல்லாத பட்டணத்துக்காரர்கள் செய்கிற வேலை அது என்பார். ஆனால் அந்த இரண்டு ஏக்கரிலும் நெல்லோ கரும்போதான் நிற்கிறது. அவர் வீட்டு அம்மாள் வாரச் சந்தையில் ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கும் ஒரு பிடிப் புதினாவுக்கும் விலை பேசிக்கொண்டு நிற்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் கொத்தமல்லி விலை ஏறுவதையும், தை, மாசியில் அதே கொத்தமல்லி கேட்பாரற்றுக் கிடப்பதையும் நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நம் கொல்லையில் விளையும்போது விலை இல்லை; விலை இருக்கும்போது நம் கொல்லையில் இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் கொல்லைப் பாத்தியில் தண்ணீர் நின்றால் கொத்தமல்லியின் வேர் இரண்டு மூன்று நாளில் அழுகிவிடும். கனத்த மழைத்துளி இளஞ்செடியை மண்ணோடு சாய்த்துவிடும். கோடையிலோ முளைப்பே பாதியாகக் குறையும். முளைத்த செடியும் ஒரு சாண் உயரம் வருவதற்குள் பூவெடுத்துவிடும். பூவெடுத்த கொத்தமல்லியில் இலை மெலிந்து, மணமும் மாறிப்போகும். ஆக, ஆண்டில் நான்கைந்து மாதங்கள் நிலம் இருந்தும் கீரை இல்லை. அந்த மாதங்களுக்குத் தேவைப்படுவது கூரைக்கு அடியிலே, ஆனால் வெளிச்சம் விழும்படியான ஓர் இடம். அடுக்களை ஜன்னல் அப்படிப்பட்ட இடம். அங்கே கோழி கிளறாது. ஆடு வாய் வைக்காது. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதனால் வீட்டுக் காய்கறிச் செலவு முழுதும் மிச்சமாகும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஜன்னலில் தக்காளியும் கத்தரியும் காய்த்துக் குலுங்காது. ரசத்துக்கும் சட்டினிக்கும் வேண்டிய தழை, வாரம் ஒரு முறை வெந்தயக்கீரை, அவசரத்துக்கு ஒரு பிடி வெங்காயத்தாள் ஆகிய இவ்வளவுதான் கிடைக்கும். ஆனால் இவைதாம் சந்தைக்குப் போகாத நாளில் இல்லாமல் போகிறவை; வாங்கி வந்தாலும் மறுநாளே வாடுகிறவை.

வெளிச்சம் போதுமா?

வீட்டுக்குள் வளர்க்க முயன்று கைவிட்டவர்களில் பெரும்பாலோர் உரத்தையும் விதையையும் குறை சொல்வார்கள். உண்மையான குறை வெளிச்சத்தில்தான். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நாளிதழ் படிக்கும் அளவு வெளிச்சம் இருந்தால் "நல்ல வெளிச்சம்" என்று நமக்குத் தோன்றும். செடிக்கு அது அரைப்பட்டினி. ஜன்னலை விட்டு இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி வைத்தாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். அப்படி வைத்த செடி வெளிறிய தண்டோடு நீண்டு, ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டிச் சாயும். அதற்கு எத்தனை உரம் இட்டாலும் பயனில்லை.

எளிய சோதனை ஒன்று உண்டு. காலை பத்து மணி அளவில், தொட்டி வைக்க எண்ணியுள்ள இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்களை எண்ணும் அளவுக்குத் தெளிவாக நிழல் விழுந்தால் கொத்தமல்லி, வெந்தயக்கீரை வளரும். நிழல் மங்கலாக இருந்தால் புதினா, வல்லாரை, வெங்காயத்தாள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிழலே விழாவிட்டால் பயறு முளை கட்டலாம், வேறொன்றும் வேண்டாம்.

எந்தத் திசை ஜன்னல் நல்லது என்று கேட்பார்கள். கிழக்கு ஜன்னல் எல்லாக் காலத்துக்கும் ஏற்றது. காலை வெயில் இதமானது. மண்ணைச் சுட வைக்காது. மேற்கு ஜன்னலில் பிற்பகல் வெயில் தொட்டியையே அடுப்பாக்கிவிடும். வடக்கு ஜன்னலில் செடி வளராது என்று குளிர்நாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்கும். அது அந்த நாடுகளுக்குச் சரி, நமக்குப் பொருந்தாது. நம் பகுதியில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வந்து போகிறது. சென்னை அளவில் எடுத்துக்கொண்டால் சித்திரை பிற்பகுதி தொடங்கி ஆடி முடியும்வரை நண்பகலில்கூடச் சூரியன் சற்று வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னலில் விழும். ஐப்பசியிலிருந்து மாசிவரை சூரியன் தெற்கே போய்விடுவதால் தெற்கு ஜன்னலில் வெயில் கிடைக்கும். ஆகவே மழைக்காலத் தொட்டிகளைத் தெற்கிலும் கோடைக்காலத் தொட்டிகளை வடக்கிலும் வைத்து மாற்றிக்கொள்ளலாம். இரு பக்கமும் ஜன்னல் இல்லாத வீட்டில், முற்றத்து ஓரத்திலோ தாழ்வாரத்திலோ வைத்தாலும் பழுதில்லை.

கொசுவலை அடித்த ஜன்னலானால் வலையில் படிந்த தூசும் வெளிச்சத்தைக் குறைக்கும். மாதம் ஒரு முறை கழுவ வேண்டும். ஜன்னலுக்கு எதிரேயுள்ள சுவருக்கும், ஜன்னல் திண்டின் பக்கச் சுவர்களுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெளிச்சம் திரும்பிச் செடியின் மறுபக்கத்திலும் விழும். செலவு மிகக் குறைவு. பயன் கண்ணுக்குத் தெரியும். தொட்டியை நாள்தோறும் கால் வட்டம் திருப்பி வைத்தால் செடி ஒரே பக்கம் சாயாது.

தொட்டியும் மண்ணும்

தொட்டிக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. 15 கிலோ எண்ணெய்த் தகரத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால், சுமார் ஓர் அடி நீளமும் முக்கால் அடி அகலமும் 4 அங்குல ஆழமும் கொண்ட இரண்டு தொட்டிகள் கிடைக்கும். மூன்று தகரத்தில் ஆறு தொட்டிகள் ஆயின. வெட்டிய விளிம்பை உட்புறமாக மடக்கித் தட்டிவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்கக்கூடாது. 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன், உடைந்த குடத்தின் அடிப்பாதி, மீன் வரும் தெர்மக்கோல் பெட்டி எல்லாம் உதவும். அடியில் சுண்டுவிரல் பருமனில் நான்கைந்து துளைகள் இட்டு, ஒவ்வொரு துளையின் மேலும் ஓர் ஓட்டாஞ்சில்லை வளைவுப்பக்கம் மேலாகக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

ஆனால் பூச்சிமருந்து வந்த தகரம், கேன், புட்டி எதையும் இதற்கு எடுக்கவே கூடாது. பத்து முறை கழுவினாலும் கூடாது. சோடா உப்புப் போட்டு ஊறவைத்தாலும் கூடாது. சில மருந்துகள் பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஊறி நிற்கும். பிறகு மெல்ல மெல்ல மண்ணில் இறங்கும். வயலில் தெளித்த மருந்தாவது வெயிலிலும் மழையிலும் சிதைய வாய்ப்புண்டு. அடுக்களைத் தொட்டியில் இருப்பது நேரே ரசத்துக்கு வரும். களைக்கொல்லி கேன்கள் பார்வைக்கு உறுதியாகவும் நல்ல அளவாகவும் இருப்பதால், தண்ணீர் பிடிக்கவும் செடி வைக்கவும் பல வீடுகளில் எடுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றை ஓட்டை போட்டுப் பயன்படாமல் செய்து ஒதுக்கிவிடுவதே முறை.

மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு போதும். மணல் கிடைக்காத இடத்தில் மக்கிய தென்னை நார்க்கழிவைச் சேர்க்கலாம். தொட்டியின் கனமும் குறையும். மக்காத பச்சை நார்க்கழிவை அப்படியே போட்டால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இளவேரைத் தாக்கும். அதை இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். வயல் களிமண்ணைத் தனியே நிரப்புவது வீண் வேலை. நாலு நாளில் கல்லாக இறுகி, ஊற்றும் தண்ணீர் ஓரத்தில் வழிந்து போகும். கலவையைப் பாயில் பரப்பி இரண்டு நாள் கோடை வெயிலில் காயவிட்டால் அதிலுள்ள புழுவும் முட்டையும் பெரும்பாலும் அழியும்.

கொத்தமல்லி

கொத்தமல்லி விதை என்று நாம் சொல்வது உண்மையில் விதையன்று; அது ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முழுசாக விதைத்தால் தோல் நனைந்து விரிய நாளாகும். முளைப்பும் சீராக இருக்காது. ஆகவே விதைக்குமுன் தரையில் பரப்பி, மரப்பலகையால் லேசாக அழுத்தித் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும். லேசாக என்பதைக் கவனியுங்கள். பலமாகத் தேய்த்தால் கிடைப்பது ரசப்பொடிதான்.

கடைச் சரக்கு மல்லியிலும் விதைக்கலாம். ஆனால் ஓராண்டுக்கு மேற்பட்ட பழைய சரக்கில் முளைப்பு குறைவு. கையில் இருப்பதை நம்புமுன் 50 மல்லியை உடைத்து, அந்த 100 பாதிகளை ஈரத்துணியில் சுருட்டி, பத்துப் பன்னிரண்டு நாள் காயாமல் வைத்திருந்து எண்ணிப் பாருங்கள். அறுபது முளைத்தால் நல்ல விதை. நாற்பதுக்குக் கீழே போனால் இருமடங்கு தூவ வேண்டும், அல்லது வேறு விதை பார்க்க வேண்டும். பெயர்பெற்ற ரகம் வேண்டுவோர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2, கோ 3 போன்றவற்றைக் கேட்டு வாங்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விதைக்கடையில் வயலுக்கென்று விற்கும் விதையில் சிவப்பு, நீலம், பச்சை எனச் சாயம் பூசியிருந்தால் அது மருந்து கலந்த விதை என்று பொருள். அதைத் தொட்டியில் விதைத்து முழுக்கீரையாக வளர்ப்பது வேறு. அதையே முளைகட்டித் தின்பதும், பத்து நாள் குருத்தாக வேரோடு பிடுங்கித் தின்பதும் வேறு. முளைப்பயறுக்கும் குருத்துக்கீரைக்கும் சமையலுக்கு வாங்கிய மருந்தில்லாத சரக்கையே எடுக்க வேண்டும்.

உடைத்த விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டி ஒரு நாள் நிழலில் வையுங்கள். முன் சொன்ன தகரத் தொட்டிக்குக் குவித்த ஒரு தேக்கரண்டி அளவு போதும். மூன்று விரல் இடைவெளியில் கோடு கிழித்து, கோட்டில் தூவி, அரை அங்குலம் மண் மூடி, பூவாளியால் நனைத்து, ஈரச்சாக்கால் மூட வேண்டும். எட்டாம் நாளிலிருந்து முளை தெரியும். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் முளை வெளுத்து நீண்டுவிடும். கோடையில் முளைக்க மறுத்தால், விதைத்த தொட்டியைக் குடிதண்ணீர் மண்பானைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பானையில் கசியும் நீர் ஆவியாவதால் அந்த மூலை மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். முளைத்தபின் ஜன்னலுக்குக் கொண்டுபோகலாம்.

முப்பத்தைந்து நாற்பது நாளில் பறிப்புக்கு வரும். இங்கேதான் ஆறு தொட்டிக் கணக்கு. ஒரே நாளில் ஆறு தொட்டியிலும் விதைத்தால், ஆறாவது வாரத்தில் வீடு முழுக்கக் கொத்தமல்லி, ஏழாவது வாரத்தில் ஒன்றுமில்லை. கரும்புக்கும் நெல்லுக்கும் பழகிய கை அப்படித்தான் செய்யும். வாரத்துக்கு ஒரு தொட்டி வீதம், ஒரே கிழமையில் விதையுங்கள். முதல் தொட்டி ஆறாம் வாரத்தில் பறிப்புக்கு வரும். அந்த வாரம் முழுதும் அதிலிருந்து வேண்டியதைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஏழாம் வாரம் அதில் ஒரு பிடி மண்புழு உரம் கலந்து மீண்டும் விதைக்கும்போது இரண்டாம் தொட்டி தயாராக இருக்கும். சந்தை கூடும் நாளை விதைப்பு நாளாக வைத்துக்கொண்டால் மறதி வராது.

வெந்தயமும் புதினாவும்

கொத்தமல்லிக்குப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் வெந்தயத்தில் தொடங்கலாம். அஞ்சறைப் பெட்டி வெந்தயமே முளைக்கும். ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்று நாளில் முளை, 20 முதல் 25 நாளில் கீரை. பயறு வகையைச் சேர்ந்த செடியாதலால் உரத் தேவையும் குறைவு. வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் இளம் குருத்தாக, பத்துப் பன்னிரண்டு நாளிலேயே கத்தரித்துப் பருப்பில் போடலாம். கசப்பு அப்போது மிதமாக இருக்கும். எலி உள்ள வீட்டில் மட்டும் முதல் வாரம் இரவில் கம்பிக்கூடையால் கவிழ்த்து மூட வேண்டும். முளைத்த வெந்தயத்தை எலி மிக விரும்பும்.

புதினாவுக்கு விதை தேட வேண்டாம். சந்தைக் கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டபின் எறியும் தண்டுகளில் பருமனானவற்றைப் பொறுக்கி, நான்கு விரல் நீளத்துக்கு நறுக்கி, கீழ்ப்பாதி முங்கும்படி தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். நாள்தோறும் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் கணுவில் வேர் விடும். பிறகு தொட்டியில் நடலாம். புதினாவுக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம். தரையோடு ஓடிப் பரவும் இனம். ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் அறுப்பு. மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு மொத்தமாக வெட்டிவிட்டால் புதுத்துளிர் வரும். இங்கொன்றும் அங்கொன்றுமாக இலை கிள்ளுவதால் செடி நெட்டையாகி அடி மொட்டையாகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்து, பின்னிக்கிடக்கும் வேரைப் பிரித்து, இளந்துண்டுகளை மட்டும் திரும்ப நட வேண்டும்.

வெங்காயத்தாள் இன்னும் சுலபம். முளைவிட்ட சின்ன வெங்காயத்தை எறியாமல், தலை வெளியே தெரியும்படி நெருக்கமாகப் பதித்தால் இரண்டு மூன்று வாரத்தில் தாள் அறுக்கலாம். வெங்காயத்துக்குள் இருக்கும் சேமிப்பில் வளர்வதால் வெளிச்சம் குறைந்தாலும் கவலையில்லை. இரண்டு முறை அறுத்தபின் அதை எடுத்துவிட்டு வேறு பதிக்க வேண்டும்.

தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை ஆகியவற்றை ஜன்னலில் விதைக்காதீர்கள். அவை முழு வெயில் கேட்பவை. நிழலில் நூல் போல நீண்டு சாய்ந்து மடியும். மிளகாய், தக்காளிக்கும் அப்படியே. குறைந்தது ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இல்லாவிட்டால் பூ உதிரும். இவை மொட்டை மாடிக்கோ கொல்லைக்கோ உரியவை. கறிவேப்பிலை மரமாகும் இனம். அதைத் தொட்டியில் திணறவிடாமல் கிணற்றடி மண்ணில் வைப்பதே நியாயம்.

தண்ணீர்

அடுக்களைச் செடி பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை; அன்பால் சாகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் கைத்தண்ணீரை ஊற்றுவார்கள். வீட்டுக்குள் வெயிலும் காற்றும் குறைவு. மண் மெதுவாகத்தான் காயும். விரலை முதல் கணு வரை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஒருவரிடமே விடுவது நல்லது.

அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாமா? ஊற்றலாம். ஆனால் கெட்டியான முதல் கழுநீர் மண்ணின் மேல் பசை போலப் படிந்து, புளித்து, சிறு கொசுப்பூச்சிகளை வரவழைக்கும். இரண்டாம் கழுநீரே ஏற்றது. அதுவும் வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் இரண்டும் ஆகாது. ஆழ்குழாய்க் கிணற்று உவர்நீரை ஊற்றிவந்தால் சில மாதத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சுப் பூக்கும். அப்போது தொட்டியை மழையில் ஓர் இரவு வைத்து, துளை வழியே நன்றாக நீர் வடியவிட்டால் உப்புக் கரைந்து போகும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. இப்படிப்பட்ட தட்டில் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அந்த முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டில் மணலை நிரப்பிவைப்பது இன்னும் பாதுகாப்பு. அதைச் செய்ய முடியாதவர்கள் மழைக்காலத்தில் தொட்டியே வைக்காமலிருப்பது மேல். ஒரு கட்டுக் கொத்தமல்லிக்காக வீட்டில் ஒரு குழந்தையைக் காய்ச்சலில் படுக்கவைப்பதற்கு இல்லை.

புகை, பூச்சி, விளக்கு

விறகடுப்பு எரியும் அடுக்களையில், அடுப்புக்கு நேரே உள்ள ஜன்னலில் செடி வைக்க வேண்டாம். வாழைத்தாரைப் பழுக்கவைக்க அறையில் மூட்டம் போடுகிறோம் அல்லவா? அந்தப் புகையில் உள்ள எத்திலீன் என்ற வாயு காயைப் பழுக்கவைக்கிறது. இலை மேல் பட்டால் இலையைப் பழுக்கவைத்து உதிர்க்கும். புகைக்கரி இலைமேல் படிந்து வெளிச்சத்தையும் மறைக்கும். பழுக்கும் வாழைத்தாரைத் தொட்டிகளுக்கு மேலே கட்டித் தொங்கவிடுவதாலும் இதே கேடு வரும். எரிவாயு அடுப்பானால் இரண்டு மூன்று அடி தள்ளியிருந்தால் போதும்.

நெருக்கமாக விதைத்து ஈரம் மிகுந்தால், முளைத்த நாற்று மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக இளைத்துச் சாயும். இது நாற்றழுகல். மருந்து தேடுவதைவிட, சாய்ந்தவற்றை மண்ணோடு கரண்டியால் எடுத்தெறிந்து, இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, காற்றுப்படும்படி வைப்பது பலன் தரும். அசுவினி கண்டால் தொட்டியை வாசலுக்கு எடுத்துப்போய்த் தண்ணீரைப் பீய்ச்சி அலசுங்கள். விடாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளித்து, நான்கைந்து நாள் கழித்துக் கழுவிப் பறிக்கலாம். வயலுக்கு வாங்கிய மருந்தில் "ஒரு துளி" விட்டுப் பார்க்கும் ஆசை எழும். அடுக்களைக்குள் அந்தப் புட்டியே வரக்கூடாது. யூரியாவும் வேண்டாம், சிறு தொட்டியில் ஒரு சிட்டிகை கூடினால் வேர் கருகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு பிடி மண்புழு உரம் மேலாகத் தூவினால் போதுமானது. பஞ்சகவ்யம் நல்லதுதான், ஆனால் அந்த மணத்தோடு அடுக்களையில் யார் சமைப்பது?

ஜன்னலே சரியில்லாத வீடுகளில் இப்போது எல்.இ.டி. குழல்விளக்கு உதவுகிறது. சாதாரண வெள்ளை விளக்கே போதும். ஊதா நிறத்தில் விற்கும் விலையுயர்ந்த விளக்கு கட்டாயமில்லை. 20 வாட் விளக்கைச் செடிக்கு அரை அடி மேலே கட்டி, நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் மாதம் 7 யூனிட்டுக்குச் சற்று அதிகமாகும். ஓர் அடி உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டினால் வெளிச்சம் வீணாகும். விளக்கு நீர்த்துளி படாத இடத்தில் இருக்க வேண்டும்.

வீட்டுத் தாய்மார்கள் கேட்கும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்: இந்தக் கீரையால் இரத்தம் ஊறுமா? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை இருக்கிறது. கீரையில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் அதில் சிறு பங்கைத்தான் உடல் ஏற்கும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அந்தப் பங்கு கூடும்; சாப்பிட்ட கையோடு காப்பி, தேநீர் குடித்தால் குறையும். எனவே துவையலில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் கீரையை நம்பி நிறுத்தாதீர்கள்.

தை பிறந்து வெயில் தெளிந்ததும் ஜன்னலுக்கு ஓய்வு கொடுக்கலாம். அப்போது கொல்லையிலேயே நன்றாக வரும். ஆறு தொட்டியில் ஒன்றை மட்டும் பறிக்காமல் விட்டு, செடிகளை மண்ணோடு எடுத்து வயல் வரப்பில் நட்டுவிடுங்கள். அவை பூக்கும்போது தேனீயும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் தேடி வரும். காய் முற்றிப் பழுப்பேறியதும் அறுத்து நிழலில் உலர்த்தி வைத்தால், ஐப்பசியில் உடைக்க வேண்டிய விதை வீட்டிலேயே இருக்கும்.